பனித்துளியில் ஒளிந்த பகை

போடிநாயக்கனூரிலிருந்து மேற்கே செல்லும் சாலை பதினேழு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டை அடைகிறது. அந்த உச்சியில் நின்று நோக்குவார்க்கு இரு வேறு உலகங்கள் ஒருங்கே புலப்படும். மேற்கே, மரநிழலில் தழைத்து நிற்கும் ஏலத்தோட்டங்கள். கிழக்கே, மலையடிவாரத்தில் போடி நகரும் அதற்கப்பால் விரிந்து கிடக்கும் தேனிச் சமவெளியும். அச்சமவெளியின் தென்பால் கம்பம் பள்ளத்தாக்கு நீண்டு செல்கிறது. 1895 ஆம் ஆண்டில் பென்னிகுயிக் என்னும் பொறியாளரின் முயற்சியால் நிறைவேறிய பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த வழியே இறங்கிவந்து, அப்பள்ளத்தாக்கின் இருபோக நெல் விளைவுக்கு உறுதுணையாயிற்று.

விடியற்காலையில் அடிவாரத்து ஊர்களிலிருந்து தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறி ஏலத்தோட்ட வேலைக்குச் செல்கின்றனர். அவர்கள் தூக்குச் சட்டியில் கொண்டு செல்வது சோறு. மலைக்குப் பணம் தரும் பயிர் ஏலம். மலையேறும் கைகளுக்கு வலிமை தரும் பயிர் நெல். ஆகவே, நெல்லுக்கு வரும் நோய் வயலோடு நின்றுவிடுவதில்லை. மலையுச்சி வரை அதன் விளைவு எட்டுகிறது.

நேயர்களே, அதிகாலையில் நெல்வயலின் வரப்பில் நடந்தவர்கள் இலைநுனிகளில் முத்துப்போல் நிற்கும் நீர்த்துளிகளைக் கண்டிருப்பார்கள். அத்துளிகளுள் ஒரு பகுதி காற்றிலிருந்து படிந்த பனி. மற்றொரு பகுதி, இரவில் வேர் உறிஞ்சிய நீர் இலையோரத்து நுண்துளைகளின் வழியே கசிந்து நிற்பது. நலமுள்ள பயிரில் அத்துளி பளிங்குபோல் தெளிந்திருக்கும். ஒருவகை நோயுற்ற பயிரிலோ, பால் கலந்ததுபோல் கலங்கியிருக்கும். வெயில் ஏறியதும் காய்ந்து, மஞ்சள் நிறச் சிறுமணிகளாக இலையில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கலங்கல் துளிக்குள் இருப்பது யாது? அது நெல்லை எவ்வாறு மாய்க்கிறது? இவ்விரு வினாக்களுக்கும் தெளிந்த விடை காண மனிதனுக்கு ஏறத்தாழ 130 ஆண்டுகள் ஆயின. அந்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

நோயின் பெயர் பாக்டீரியா இலைக்கருகல் நோய். முதலில் இலையின் நுனியிலும் ஓரத்திலும் நீர் ஊறியது போன்ற கோடு தோன்றும். அக்கோடு மஞ்சளாகி, அலைபோல் வளைந்த விளிம்புடன் கீழ்நோக்கி இறங்கும். இறுதியில் இலை முழுவதும் வைக்கோல் நிறம் பெற்றுக் கருகும். நட்ட சில வாரங்களுக்குள் இளம்பயிரைத் தாக்கினால், இலை சுருண்டு செடியே மடிந்துபோகும். இந்த நிலையை ஜாவாத் தீவின் உழவர் ‘கிரெசெக்’ என்றனர். காய்ந்த இலைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசையே அப்பெயராயிற்று என்பர். நோய் கடுமையான வயல்களில் விளைவில் 20 முதல் 30 விழுக்காடு வரை குறையும். சில வேளைகளில் பாதியும் போவதுண்டு.

இந்நோயை முதன்முதல் குறித்தவர் அறிஞர் அல்லர், உழவர். 1884 ஆம் ஆண்டில், ஜப்பான் நாட்டின் ஃபுகுவோக்கா மாவட்டத்து உழவர்கள் இதனைக் கண்டனர். நோயுற்ற இலையின் கலங்கல் துளி அமிலத்தன்மை உடையதாயிருந்தது. ஆதலால், மண்ணின் புளிப்பே நோய்க்குக் காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். அந்த நம்பிக்கையை நாம் எள்ளி நகையாடுதல் தகாது. அன்று உலகின் பெரிய அறிவியலாரே இதுபற்றி இருகூறாகப் பிரிந்து நின்றனர். பேரி மரத்தின் கருகல் நோய்க்குப் பாக்டீரியாவே காரணம் என்று அமெரிக்கராகிய தாமஸ் பர்ரில் 1870களின் இறுதியில் கூறினார். ஆயினும், ஜெர்மானிய அறிஞர் ஆல்ஃபிரட் ஃபிஷர் அதனை ஏற்கவில்லை. செடியின் உயிரணுக்களைச் சுற்றிக் கெட்டியான சுவர் இருக்கிறது. அதனைக் கடந்து பாக்டீரியா உட்புகுதல் இயலாது என்பது அவர் கருத்து. அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சேர்ந்த எர்வின் ஸ்மித் அவரை எதிர்த்துச் சான்றுமேல் சான்றாக அடுக்கினார். 1897 முதல் 1901 வரை நிகழ்ந்த அந்த வாதத்தில் வெற்றி ஸ்மித்துக்கே கிட்டியது. ஆனால் ஃபிஷர் எழுப்பிய வினா வீணான வினா அன்று. சுவரைப் பாக்டீரியா எவ்வாறு கடக்கிறது என்பதே பின்னர் இந்த ஆராய்ச்சியின் நடுநாயகமான வினாவாக அமைந்தது.

ஜப்பானில், தகாய்ஷி என்பவர் 1908 அளவில் கலங்கல் துளியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். துளி முழுவதும் பாக்டீரியாக் கூட்டம்! 1911 இல் பொக்குரா என்பவர் அதனைப் பிரித்தெடுத்து வளர்த்தார். 1922 இல் இஷியாமா அதனை விரிவாக ஆராய்ந்து ‘ஒரைசே’ என்ற சிறப்புப் பெயரை நிலைநாட்டினார். ஒரைசா என்பது நெல்லின் தாவரவியல் பெயர். இன்று அதன் பெயர் சாந்தோமோனாஸ் ஒரைசே. ‘சாந்தோ’ என்பது மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல். கூட்டமாக வளரும்போது அது மஞ்சளாகத் தோன்றுவதே காரணம். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறாக்கினால், அதில் ஓரிரு கூறே அதன் நீளம். ஒற்றை வால் உண்டு; நீரில் நீந்தும்.

நம் நாட்டில் இந்நோயைப் பற்றிய தெளிவான அறிவிப்பு 1959 இல் வெளிவந்தது. எம். சி. சீனிவாசன், எம். ஜே. திருமலாச்சார், எம். கே. பட்டேல் என்னும் மூவர் மகாராட்டிரப் பகுதியில் இதனைக் கண்டு எழுதினர். 1963 இல் பீகாரின் ஷாகாபாத் மாவட்டத்தில் இது பெருங்கொள்ளைபோல் பரவியது. அதன்பின் நாடெங்கும் பேசப்படும் நோயாயிற்று.

இதே காலத்தில் மற்றொரு மாறுதலும் நிகழ்ந்தது. பஞ்சம் தீர்க்கவேண்டிய நெருக்கடியில், 1960களின் நடுவில், தைவான் நாட்டிலிருந்து ‘தைச்சுங் நேட்டிவ் 1’ என்ற குட்டைநெல் இந்தியாவுக்கு வந்தது. அது சாயாது, உரத்தை ஏற்று மிகுந்த மணி தரும். ஆயின், இலைக்கருகல் நோய்க்கு எளிதில் இரையாகும். மேலும், தழைச்சத்து உரம் மிகுந்தால் இந்நோயும் மிகும். ஆகவே, விளைவைப் பெருக்கிய வழியே நோய்க்கும் வழியாயிற்று.

அந்தத் தைவான் நெல்லின் குருதி நம் தட்டிலும் கலந்திருக்கிறது. கோயம்புத்தூரில் 1912 இல் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது. அங்கே, கோணமணி என்ற பழைய நெல்லில் தானே தோன்றிய ஒரு மாற்றத்தைப் பொறுக்கியெடுத்து, ‘ஜி.இ.பி. 24’ என்ற பெயரில் 1921 இல் வெளியிட்டனர். நேர்த்தியான சன்ன அரிசியால் புகழ்பெற்ற நெல் அது. அதனையும் தைவான் குட்டைநெல்லையும் மாசூரி நெல்லையும் இணைத்து, ஆந்திரத்தின் பாபட்லாவில் உருவாக்கி 1986 இல் வெளியிட்ட வகையே சம்பா மாசூரி. தமிழ்நாட்டுக் கடைகளில் ‘ஆந்திரா பொன்னி’ என்று நாம் கேட்டு வாங்குவது அதுவே. சுவைக்குப் பேர்பெற்ற அந்நெல், இலைக்கருகல் நோய்க்கு மிகவும் எளிதில் ஆட்படுவது. இந்த நெல்லைக் காக்கும் முயற்சியில்தான் நம் நாட்டு அறிஞர் பலர் நோயின் உட்பொருளைத் துருவி ஆராய்ந்தனர்.

நோய் செய்யும் உயிர் தெரிந்துவிட்டது. அதன் ஆயுதம் யாது? பகைவனின் உருவத்தை அறிவது ஒன்று, அவன் போர்முறையை அறிவது மற்றொன்று அன்றோ? பயிர்நோய்களில் இத்தகைய வினாவை எழுப்பி ஆராய்ந்தவர்களுள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி. எஸ். சதாசிவன் குறிப்பிடத்தக்கவர். பருத்தி வாடல் நோயில் பூசணம் சுரக்கும் ஃபுசாரிக் அமிலத்தின் பங்கினை அவரும் அவர் மாணவர்களும் ஆராய்ந்தனர். நோயுயிர் தான் சுரக்கும் பொருளால் செடியை வெல்கிறது என்னும் எண்ணத்துக்கு அவ்வாராய்ச்சி வலிவூட்டியது. நெல்லின் பகைவனிடத்தில் அப்பொருள்கள் பெரும்பாலும் புரதங்களாக இருக்கக் கண்டனர்.

இனி அப்புரதங்களின் செயலைப் படிப்படியாகக் காண்போம். இலையோரத்து நீர்த்துளை வழியாகவோ, காற்றிலும் மழையிலும் கிழிந்த காயத்தின் வழியாகவோ பாக்டீரியா உள்ளே புகுகிறது. புகுந்ததும் நீர் ஏறும் நாளங்களை அடைகிறது. அங்கே முதற்படியாகச் சில நொதிகளை வெளியிடுகிறது. நொதிகளும் புரதங்களே. சைலனேஸ் போன்ற அவை, உயிரணுச் சுவரின் நார்ப்பொருள்களை அறுக்கின்றன. ஃபிஷர் கடக்கலாகாது என்று கருதிய சுவர், இவ்வாறு இழை இழையாகத் தளர்கிறது. ஐதராபாத்திலுள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தில் ரமேஷ் சோந்தியும் அவர் குழுவினரும், இந்நொதிகளை வெளியே அனுப்பும் வழியைச் சிதைத்தால் பாக்டீரியாவின் நோய் செய்யும் ஆற்றல் குன்றுகிறது என்பதை 2000 ஆம் ஆண்டில் காட்டினர்.

ஆனால் நெல் வாளா இருப்பதில்லை. சுவர் சிதையும்போது எழும் துணுக்குகளே அதற்கு எச்சரிக்கை மணியாகின்றன. உடனே உயிரணு தன் சுவரை உள்ளிருந்து தடிப்பாக்கிக்கொள்கிறது. தற்காப்புப் பொருள்களைச் சுரக்கிறது. கதவை உடைக்கும் ஓசையே வீட்டாரை எழுப்பிவிடுகிறது என்று இதனைக் கூறலாம். அப்படியானால் திருடன் எவ்வாறு வெல்கிறான்? இங்கேதான் இரண்டாம் படை வருகிறது. பாக்டீரியாவின் உடலில் ஊசி போன்ற நுண்ணமைப்பு உண்டு. அதன் வழியே வேறு சில புரதங்களை நேரே நெல்லின் உயிரணுவுக்குள் அது செலுத்துகிறது. எழுந்த வீட்டாரை மீண்டும் உறங்கச் செய்வது இப்புரதங்களின் பணி. சுவரை அறுக்கும் நொதிகள் தற்காப்பைத் தூண்டுவதையும், ஊசிவழிச் செல்லும் புரதங்கள் அதனை அடக்குவதையும் 2007 இல் அதே ஐதராபாத் குழுவினர் விளக்கினர். ஒரு படை செய்த பிழையை மற்றொரு படை மூடி மறைக்கிறது!

உறங்கச் செய்தால் போதாது. பகைவனுக்கு உணவும் வேண்டும். நீர் ஏறும் நாளத்தில் நீரும் உப்பும் உண்டு, சர்க்கரை மிகக் குறைவு. ஊசிவழிச் செல்லும் புரதங்களுள் ‘டால்’ எனப்படும் ஒரு குடும்பம் இக்குறையைத் தீர்க்கிறது. இக்குடும்பத்தின் முதல் உறுப்பினரை மிளகாய்ச் செடியின் நோயிலிருந்து உல்லா போனாஸ் என்ற ஜெர்மானியப் பெண் அறிஞரும் அவர் கூட்டாளிகளும் 1989 இல் பிரித்தறிந்தனர். டால் புரதம் நெல்லின் உயிரணுவுக்குள் நுழைந்து, உட்கருவை அடைந்து, அங்குள்ள மரபுச்சுருளில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் அமர்கிறது. அமர்ந்து, ‘ஸ்வீட் 11’ என்ற மரபணுவை விழிக்கச் செய்கிறது. அம்மரபணு ஆக்கும் புரதம், உயிரணுவிலிருந்து சர்க்கரையை வெளியேற்றும் ஒரு வாயில். வாயில் திறக்கிறது, சர்க்கரை கசிகிறது, பாக்டீரியா பெருகுகிறது. பெருகிய கூட்டமும் அது சுரக்கும் பசையும் நாளத்தை அடைக்க, நீரின்றி இலை கருகுகிறது. 2006 முதல் 2010 வரை பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் இவ்வுண்மை வெளிப்பட்டது. பசியால் வந்தவன் களஞ்சியத்தைக் கொள்ளையடிக்கவில்லை. வீட்டுக்காரன் கையாலேயே கதவைத் திறக்க வைத்தான்.

டால் புரதம் தான் அமரவேண்டிய இடத்தை எவ்வாறு அறிகிறது? 2009 இல், ஜெர்மனியில் போக், போனாஸ் முதலியோரும், அமெரிக்காவில் மாஸ்கோ, போக்டனோவ் இருவரும் இதனைத் தனித்தனியே கண்டறிந்தனர். அப்புரதத்தின் நடுவில், ஒவ்வொன்றும் பெரும்பாலும் 34 அமினோ அமிலங்கள் கொண்ட கண்ணிகள் சங்கிலிபோல் தொடர்கின்றன. எல்லாக் கண்ணிகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். பன்னிரண்டாம், பதின்மூன்றாம் அமிலங்கள் மட்டும் மாறும். அவ்விரு அமிலங்களே மரபுச்சுருளின் ஓர் எழுத்தைப் படிக்கின்றன. ஒரு கண்ணிக்கு ஓர் எழுத்து. நெல்லின் மொழியை எழுத்துக்கூட்டிப் படிக்க ஒரு பாக்டீரியா கற்றிருக்கிறது என்பதை எண்ணுங்கால் வியப்பு மேலிடுகிறது.

பகைவன் நெல்லின் மொழியைப் படிப்பதனால், அந்த மொழியிலேயே அவனைத் தடுக்கவும் இயலும். சில பழைய நெல்வகைகள் இதனை மனிதனுக்கு முன்பே செய்து வைத்திருந்தன. ‘பிஜே 1’ என்ற இந்திய நெல்லில் எக்ஸ்.ஏ. 13 என்ற மரபணு உண்டு. அது வேறொன்றன்று, ஸ்வீட் 11 மரபணுவே, முகப்பில் எழுத்து மாறி நிற்கிறது. டால் புரதம் வந்து தேடும்போது, அதற்குரிய இடம் காணப்படுவதில்லை. அந்த மரபணுவை அடியோடு அழித்துவிடலாமே என்று சிலர் எண்ணலாம். அது மகரந்தம் உருவாவதற்கும் வேண்டப்படுவது. அழித்தால் மணி பிடிக்காது. முகப்பை மட்டும் மாற்றிய இயற்கையின் நுட்பம் போற்றத்தக்கது. எக்ஸ்.ஏ. 5 என்பது இரண்டாம் காவல். டால் புரதம் தன் வேலைக்குத் துணைகொள்ளும் நெல்லின் ஒரு புரதத்தில், ஒரே ஓர் அமினோ அமிலம் மாறியிருக்கிறது. அதனால் அத்துணை கிட்டாமல் போகிறது. 2004 இல் இது தெரியவந்தது.

மூன்றாம் காவலின் வரலாறு நீண்டது. ஆப்பிரிக்காவின் மாலி நாட்டைச் சேர்ந்த ஒரு காட்டு நெல், இந்நோயைத் தாங்கி நிற்பதைக் கட்டாக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையத்தார் 1970களில் கண்டனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குர்தேவ் சிங் குஷ் அந்த ஆற்றலைப் பயிர்நெல்லுக்குக் கொணர்ந்தார். எக்ஸ்.ஏ. 21 எனப் பெயர்பெற்ற அம்மரபணுவை 1995 இல் பமீலா ரொனால்டின் குழுவினர் கலிபோர்னியாவில் பிரித்தெடுத்தனர். அது ஆக்கும் புரதம் உயிரணுவின் வாயிலில் நிற்கும் காவலாளி. பகைவனின் ஏதோ ஒரு பொருளை உணர்ந்து குரல் கொடுப்பது.

அந்தப் பொருள் எது? 2009 இல் அக்குழுவினர் ஒரு புரதத்தைச் சுட்டினர், உலகம் பாராட்டியது. பின்னர், அதே ஆய்வுக்கூடத்தில் புதிதாக வந்தோர் சோதனையை மறுபடி செய்தபோது முடிவு ஒத்துவரவில்லை. சேமித்து வைத்த பாக்டீரியா வகைகளுள் சில மாறிப்போயிருந்தன. ஒரு சோதனை முறையும் நம்பத்தகாததாயிருந்தது. ரொனால்டு தம் பிழையை மறைக்கவில்லை. 2013 இல் தம் கட்டுரைகளைத் தாமே திரும்பப் பெற்றார். மீண்டும் தொடக்கத்திலிருந்து தேடி, 2015 இல் ‘ராக்ஸ்-எக்ஸ்’ என்ற சிறுபுரதமே அந்தப் பொருள் என்று அக்குழுவினர் நிறுவினர். அப்புரதம், நெல் தன் வளர்ச்சிக்காகச் சுரக்கும் ஒரு பொருளைப் போலி செய்வது என்பதும் பின்னர் தெரிந்தது. மாணவர்களே, ஒரு கண்டுபிடிப்பைவிட ஒரு திருத்தம் அரியது. ஆய்வுக்கூடத்துக்கு வேண்டிய முதற்கருவி நேர்மை.

காவலாளி ஒருவரை நியமித்துவிட்டால் அச்சம் தீர்ந்ததா? இல்லை. 1998 இல், இதே மலைத்தொடரின் வடபால், பாலக்காட்டு நெல்வயல்களில் இந்நோய் பெருவாரியாகப் பரவியது. சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தில் எஸ். எஸ். ஞானமாணிக்கமும் அவர் மாணவரும், எக்ஸ்.ஏ. 21 உள்ள நெல்லையும் தாக்கவல்ல பாக்டீரியாக் கூட்டம் தென்னிந்தியாவில் இருப்பதை 1999 இல் அறிவித்தனர். ஒரு காவலை மட்டும் நம்பினால், அதனை ஏய்க்கும் பகைவன் என்றேனும் தோன்றுவான் என்பதற்கு இதைவிடத் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆகவேதான், ஒரு காவலுக்கு மூன்று காவலாக வைத்தனர். ஐதராபாத் மையமும், இன்று இந்திய நெல் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் நெல் ஆராய்ச்சி இயக்ககமும் கூடி உழைத்தன. எக்ஸ்.ஏ. 21, 13, 5 ஆகிய மூன்றையும் சம்பா மாசூரியோடு கலப்பு முறையில் சேர்த்தனர். தலைமுறைதோறும் மரபுச்சுருளைச் சோதித்து, வேண்டிய செடிகளை மட்டும் பொறுக்கினர். அரிசியின் சுவையும் சன்னமும் மாறாமல், மேம்படுத்திய சம்பா மாசூரி 2008 இல் வெளிவந்தது. ஒருவன் கூக்குரலிடுகிறான், ஒருவன் பூட்டை மாற்றுகிறான், ஒருவன் துணைக்கு வர மறுக்கிறான். மூவரையும் ஒருங்கே ஏமாற்றுதல் பகைவனுக்கு எளிதன்று. 2019 இல், பல ஸ்வீட் மரபணுக்களின் முகப்புகளை நுண்ணிய முறையில் திருத்திய நெல்லையும் பன்னாட்டு அறிஞர் உருவாக்கிக் காட்டினர்.

இவையெல்லாம் ஆய்வுக்கூடத்தின் செய்திகள். உழவர் கைக்கொள்ளும் வழிகளும் இவ்வறிவோடு முரண்படுவன அல்ல. நாற்றின் நுனியைக் கிள்ளி நட்டால் காயத்தின் வழியே நோய் புகும். கிள்ளாமல் நடுவது நன்று. தழைச்சத்தை அளவறிந்து, பல தவணையாக இடவேண்டும். நோயுற்ற வயலின் நீரை அடுத்த வயலுக்குப் பாய்ச்சலாகாது. நோய் தொடங்கும்போது 20 விழுக்காடு பசுஞ்சாணக் கரைசலைத் தெளிக்குமாறு தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கிறது. ஐயம் எழுந்தால், மாணவரும் செய்யத்தக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கருகத் தொடங்கிய இலையை வெட்டி, வெட்டுவாயைத் தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் நிறுத்தி, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். சில நிமிடங்களில் வெட்டுவாயிலிருந்து புகைபோல் ஒரு கலங்கல் இறங்கினால், தகாய்ஷி கண்டதை நீங்களும் கண்டவர்களாவீர்கள்.

போடிமெட்டின் சோதனைச் சாவடியில் ஏலமூட்டை ஏற்றிய வண்டிகள் நிற்கின்றன. மனிதர் வகுத்த எல்லை அது. மழையிலும் காற்றிலும் நீரிலும் செல்லும் பாக்டீரியாவுக்கு அந்த எல்லை இல்லை. ஆனால் அறிவுக்கும் எல்லை இருந்ததில்லை என்பதையும் இவ்வரலாற்றில் கண்டோம். ஜப்பானிய உழவரின் கண்ணும், மாலி நாட்டுக் காட்டு நெல்லும், கோயம்புத்தூரின் பழைய சன்ன நெல்லும், ஐதராபாத்தின் ஆய்வும், சென்னையின் எச்சரிக்கையும் சேர்ந்தே ஒரு நெல்மணியைக் காத்துத் தந்திருக்கின்றன. பகைவன் தன் எழுத்துகளை மாற்றிக்கொண்டேயிருப்பான். ஆதலால் இக்காவல் ஒரு தலைமுறையோடு முடிவதன்று. நாளை வரப்பில் நடக்கும்போது, இலைநுனித் துளி தெளிந்திருக்கிறதா, கலங்கியிருக்கிறதா என்று குனிந்து நோக்குங்கள். அந்தக் காவலில் உங்களுக்குரிய பங்கு அங்கிருந்தே தொடங்குகிறது.